டிரெட்மில் அறையில் நான் சொல்லாமல் விட்டவை

மார்பில் வயர்களை ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்கவைத்து, இதயத்தைச் சோதிக்கும் டி.எம்.டி. அறைக்குப் பொறுப்பு மருத்துவராகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியில் என் கடமையை நான் சரியாகச் செய்யவில்லை. வந்தவர்கள் சொன்னதை முழுதாகக் கேட்கவில்லை. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சோதனையால் சொல்லவே முடியாத ஒன்றை என் வாயால் சொல்லி அனுப்பினேன்: “ஹார்ட் நல்லா இருக்கு. தைரியமா போங்க.”

யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. காலை 8 மணிக்கே வராந்தா நிறைந்துவிடும். ஆபரேஷனுக்கு முன் ‘ஃபிட்னஸ்’ வாங்க வந்தவர்கள், நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவர்கள், மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் வந்தவர்கள் என எல்லோருக்கும் ஒரே பட்டை, ஒரே அவசரம். ஒருவர் கேள்வி கேட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு நேரமாகும். அதனால் யாரும் கேள்வி கேட்காதபடி பேசக் கற்றுக்கொண்டேன். “நடங்க. முடியலைன்னா சொல்லுங்க.” என் விளக்கம் அவ்வளவுதான்.

அப்படிப் பேசியதால் வந்த கேட்டை ஒருவரை வைத்துச் சொல்கிறேன்.

மளிகைக் கடை வைத்திருந்தவர். வயது 54. சர்க்கரை நோய் உண்டு. “அரிசி மூட்டை தூக்கினா தாடை இறுகுது டாக்டர். இடது கை வரைக்கும் இழுக்கற மாதிரி இருக்கு. உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுது” என்றார். உழைக்கும்போது வந்து, ஓய்ந்தால் போகும் இறுக்கம். மருத்துவக் கல்லூரியில் முதலில் சொல்லித்தரும் அடையாளமே அதுதான். அவர் பேசி முடிப்பதற்குள் நான் அடுத்தவரின் ஃபைலைத் திறந்துவிட்டேன்.

இந்தச் சோதனை எதைத் தேடுகிறது என்று அவருக்கு நான் விளக்கியிருக்க வேண்டும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது போதுமான ரத்தம் போய்விடும். பாதி தூர்ந்த வாய்க்காலிலும் மழைக்காலத்தில் குறை தெரியாது, கோடையில்தான் கடைமடை காய்வது தெரியும் என்பதைப் போல. அந்தக் கோடையை மருத்துவர் கண்ணெதிரில் உண்டாக்குவதுதான் டி.எம்.டி. உழைப்பு கூடக்கூட இதயம் வேகமாகத் துடிக்கும், தசைக்கு அதிக ரத்தம் தேவைப்படும். அது போய்ச் சேராவிட்டால் ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. என்று நாங்கள் அழைக்கும் பகுதி கீழே இறங்கும். அது கிடையாகவோ சரிவாகவோ 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இறங்கினால், பொதுவாகப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதயத்தைப் போதுமான அளவு உழைக்கவைத்தால்தான் இது நடக்கும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உத்தேசமான உச்ச நாடித்துடிப்பு. அதில் 85 சதவீதத்தையாவது தொட வேண்டும் என்பது நடைமுறை. அந்த மனிதருக்கு உச்சம் 166, தொட வேண்டிய அளவு 141. அவர் தொட்டது 112. ஆறாவது நிமிடம் முடிவதற்குள் “கால் வலிக்குது டாக்டர்” என்றார். நிறுத்தினேன். ஈ.சி.ஜி.யில் மாற்றம் எதுவும் இல்லை.

துடிப்பு ஏன் ஏறவில்லை? அன்று காலை அவர் மெட்டோபுரோலால் மாத்திரை போட்டுவிட்டு வந்திருந்தார். மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பை வேகமெடுக்க விடாது. அவற்றின் வேலையே அதுதான். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. மார்பில் வயர் ஒட்டுவதற்காகக் கழற்றிய அந்தச் சட்டை என் மேசைக்கு அருகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று நான் எழுதியிருக்க வேண்டியது ஒன்றே: ‘இதயம் போதிய அளவு உழைக்கவில்லை. இந்தச் சோதனையை வைத்து முடிவு சொல்ல முடியாது.’ அவரை அன்றைக்கே வேறு சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் ‘நெகட்டிவ்’ என்று எழுதினேன். அதன் கீழே, எட்டிய உழைப்பின் அளவில் மட்டும் என்று பொருள்படும் ஒரு வரியைச் சின்ன எழுத்தில் சேர்த்தேன். அந்த வரி என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அதை அவரிடம் படித்துக்காட்டவில்லை. வாயால் சொன்னது, “ஹார்ட் நல்லா இருக்கு. தைரியமா போங்க.”

சில வாரங்களில் ஓர் இரவு அவருக்கு நெஞ்சில் பாரம் ஏறியது. வேர்த்துக் கொட்டியது. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றிருக்கிறார். “டெஸ்ட் எடுத்தாச்சும்மா, டாக்டரே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு, இது வாயுதான்” என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்தார். மாரடைப்பில் அடைபட்ட குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். உயிர் தப்பினார். ஆனால் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்துபோனது. மூட்டை தூக்குவது அன்றோடு நின்றது.

வார்டில் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பார்த்திருந்தீங்கன்னுதான் டாக்டர் தைரியமா இருந்தேன்” என்றார். குற்றம் சாட்டவில்லை, நன்றிபோலத்தான் சொன்னார். நான் தலையசைத்துவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லச் சரியான நேரம் அதுதான். சொல்லவில்லை. அவசரத்தில் நடந்த பிழைக்காவது நேரமின்மையைச் சாக்காகச் சொல்லலாம். இந்த மௌனத்துக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனையின் கணக்கை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். 1989-இல், அதுவரை வெளிவந்திருந்த 147 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து ஒரு பகுப்பாய்வு வெளியானது. குறிப்பிடத்தக்க அடைப்பு உள்ளவர்களில் சராசரியாக 68 சதவீதம் பேரை இந்தச் சோதனை கண்டுபிடிக்கிறது. அடைப்பு இல்லாதவர்களில் 77 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கிறது. இந்த எண்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். எதிரே நிற்கும் மனிதருக்குப் பொருத்திப் பார்த்ததில்லை.

பொருத்திப் பாருங்கள். அந்த மளிகைக் கடைக்காரரைப் போலவே வயதும் அறிகுறியும் சர்க்கரையும் உள்ள 1,000 பேரில் 800 பேருக்கு அடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் 256 பேரைத் தவறவிடும். அடைப்பில்லாத 200 பேரில் 154 பேருக்கு நெகட்டிவ் வரும். ஆக, நெகட்டிவ் என்று வீட்டுக்குப் போகும் 410 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அடைப்பு இருக்கும். அவர்கள் இலக்குத் துடிப்பைத் தொட்டிருந்தாலும் இதே கதிதான். என் மனிதர் அதைத் தொடவே இல்லை.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வெட்டும். அதிலும் நான் தவறு செய்திருக்கிறேன்.

40 வயதைத் தொடாத ஒரு பள்ளி ஆசிரியை, எந்த அறிகுறியும் இல்லாமல் பேக்கேஜ் செக்கப்புக்கு வந்தார். ஈ.சி.ஜி.யில் லேசான இறக்கம். “பாசிட்டிவ் வந்திருக்கு, ஆஞ்சியோ பண்ணிடறது நல்லது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அவரைப் போன்ற 1,000 பேரில் 50 பேருக்கு அடைப்பு இருந்தால், சோதனை 34 பேரைச் சரியாகப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 218 பேரையும் பாசிட்டிவ் என்று காட்டும். பெண்களுக்கு இந்தப் பொய்யான பாசிட்டிவ் இன்னும் கூடுதலாக வருவது தெரிந்த விஷயம். அவரிடம் இதைச் சொல்லி, முதலில் வேறு ஸ்கேன் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதும். நான் கொடுக்காத அந்த ஐந்து நிமிடத்துக்காக அவர் வளையலை அடகு வைத்தார், இரண்டு பிள்ளைகளையும் அம்மா வீட்டில் விட்டார், தூக்கமில்லாமல் ஒரு வாரம் கிடந்தார். ஆஞ்சியோவில் எதுவும் இல்லை. அறிகுறியோ கூடுதல் ஆபத்தோ இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையைச் சல்லடைபோல எல்லோருக்கும் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் மறுபடியும் பரிந்துரைத்தது. எங்கள் பேக்கேஜில் அது தொடர்ந்து இருந்தது. எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த ஆசிரியை வந்த நாளின் இன்னொரு காட்சியும் என்னை உறுத்துகிறது. புடவையில் வந்திருந்தார். முன்கூட்டியே யாரும் சொல்லாததால் மாற்று உடை எடுத்து வரவில்லை. சாதாரண ஈ.சி.ஜி.யில் கை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் போடும் இணைப்புகளை, நடக்கும்போது ஆடும் என்பதால் இதில் தோள்பட்டைக்குக் கீழேயும் வயிற்றின் இருபக்கமும் ஒட்டுவோம். மார்போடு சேர்த்து மொத்தம் 10 இணைப்புகள். ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் கம்பியை இறுகப் பற்றி, மேலே போர்த்திய துணி நழுவாமல் தோளைக் குறுக்கிக்கொண்டு வெறுங்காலில் நடந்தார். அப்படி நடப்பவரால் முழு உழைப்பைக் காட்ட முடியாது. உடலெல்லாம் ஆடுவதால் ஈ.சி.ஜி.யும் கிறுக்கலாக வரும். அறையில் பெண் உதவியாளர் இல்லை. எனக்கு உறைக்கவும் இல்லை.

இன்னொன்று, இதைவிடக் கடுமையானது. சில நாட்கள் டெக்னீசியனிடம் அறையை ஒப்படைத்துவிட்டு வார்டு ரவுண்ட்ஸுக்குப் போயிருக்கிறேன். இந்தச் சோதனை பொதுவாகப் பாதுகாப்பானதுதான். உயிரிழப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது. அந்த ஒருவருக்காகத்தான் ஷாக் கொடுக்கும் கருவியும் அவசர மருந்துத் தட்டும் அறையில் இருக்கின்றன. தேர்ந்த டெக்னீசியன் சோதனையை நடத்தலாம். ஆனால் கூப்பிட்டால் அந்த நொடியே வந்து நிற்கும் தூரத்தில் மருத்துவர் இருக்க வேண்டும். நான் இரண்டு மாடி தள்ளி இருந்தேன். எதுவும் ஆகாமல் போனது அந்த நோயாளிகளின் அதிர்ஷ்டம். என் திறமைக்கு அதில் பங்கில்லை.

இனி, அன்று நான் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்கிறேன். நாளை உங்களுக்கோ உங்கள் அப்பாவுக்கோ டி.எம்.டி. எழுதிக் கொடுத்திருந்தால் உதவும்.

முதலில் மாத்திரை. நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் சோதனை என்றால், பீட்டா பிளாக்கரை ஒன்றிரண்டு நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வதுண்டு. ஸ்டென்ட் வைத்தவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, மாத்திரையோடே செய்வதும் உண்டு. எது என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரையைத் திடீரென விட்டால் நெஞ்சு வலி கிளம்பும், மாரடைப்பே வரலாம். டிகாக்சின் மாத்திரை ஈ.சி.ஜி.யில் பொய்யான இறக்கத்தைக் காட்டும். அதையும் சொல்லுங்கள்.

சோதனைக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், பீடி சிகரெட் கூடாது. டீ, காபியையும் தவிர்த்துவிடுங்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பிடாமல் அதை எடுக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்து பட்டையில் சுகர் இறங்கித் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் சுடிதார் பேன்ட்டும் முன்பக்கம் திறக்கும் தளர்வான மேல்சட்டையும் போட்டு வாருங்கள். பெண் உதவியாளர் வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஷூ இருந்தால் போடுங்கள். ஆண்களுக்கு மார்பு முடியை ஆங்காங்கே மழிப்பார்கள். தோலைத் தேய்ப்பது லேசாக எரியும். நல்ல ஈ.சி.ஜி. வர அது தேவை.

பெரும்பாலான இடங்களில் பின்பற்றுவது, சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் புரூஸ் என்ற இதயநோய் மருத்துவர் 1960-களில் வகுத்த முறை. முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம். வேகம் குறைவுதான், ஏற்றம்தான் மூச்சு வாங்கவைக்கும். அடுத்த 3 நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாம் கட்டம் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் பட்டை உயரும், வேகம் கூடும். இது முன்பே தெரிந்தால் பயம் பாதி போய்விடும். கம்பியை விரல் நுனியால் தொட்டுக்கொள்ளுங்கள். இறுகப் பிடித்து உடம்பை அதில் சாய்த்தால், நீங்கள் உண்மையில் உழைத்ததைவிட அதிகம் உழைத்ததாகக் கருவி கணக்குப் போடும்.

நடக்கும்போது எதையும் மறைக்காதீர்கள். ‘பாஸ்’ ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தவர்கள் நிறைய பேர். அந்த எண்ணத்தை வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு. “பாஸ் ஆயிட்டீங்க சார்” என்று நானே சொல்லியிருக்கிறேன். நெஞ்சு, தாடை, கை, முதுகு, மேல்வயிறு என எங்கே இறுக்கம் வந்தாலும் அந்த நொடியே சொல்லுங்கள். தலைசுற்றலோ கண் இருட்டுவதோ இருந்தாலும் அப்படியே. எத்தனையாவது நிமிடத்தில் எந்த வலி வந்தது என்பது ஈ.சி.ஜி. கோட்டுக்கு இணையான சாட்சியம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் போகலாம் என்பதால், இயல்புக்கு மீறிய மூச்சிரைப்பையும் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை கடைசிவரை உங்களிடம்தான்.

நடை நின்றாலும் சோதனை முடிந்துவிடாது. சில மாற்றங்கள் ஓய்வெடுக்கும் நிமிடங்களில்தான் தெரியும். முதல் ஒரு நிமிடத்தில் துடிப்பு 12-க்கு மேல் இறங்குகிறதா என்பதும்கூட ஒரு தகவல். அவசரப்பட்டு வயரைக் கழற்றச் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் குளிக்காமல் சற்று ஆறுங்கள்.

எல்லோரையும் பட்டையில் ஏற்றக் கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர், ஓய்விலிருக்கும்போதே வலி வருபவர், இதய வால்வு கடுமையாகச் சுருங்கி அதனால் மயக்கமோ மூச்சிரைப்போ இருப்பவர், அன்று பிரஷர் எகிறியிருப்பவர் ஆகியோரை முதலில் மருத்துவர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கும், ஈ.சி.ஜி.யில் ஏற்கெனவே இடது கிளைத் தடை என்ற மின்கடத்தல் கோளாறு உள்ளவருக்கும் இந்தச் சோதனை பயன் தராது. மருந்து கொடுத்துச் செய்யும் ஸ்ட்ரெஸ் எக்கோ, நியூக்ளியர் ஸ்கேன், சி.டி. ஆஞ்சியோ என்று வழிகள் இருக்கின்றன.

அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இலக்குத் துடிப்பைத் தொட்டேனா? எத்தனை நிமிடம் நடந்தேன், எதற்காக நிறுத்தினீர்கள்? என் வயதுக்கும் அறிகுறிக்கும் இந்த முடிவை எவ்வளவு நம்பலாம்? பதில் சொல்லாமல் “எல்லாம் நார்மல்” என்று எழுந்து போகும் மருத்துவர், நான் இருந்த இடத்தில் இருக்கிறார். உட்காரவைத்துக் கேளுங்கள்.

முழுமையாக நடந்து வந்த நல்ல நெகட்டிவுக்கும் எல்லை உண்டு. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பைத்தான் டி.எம்.டி. காட்டும். மாரடைப்புகள் பலவும் அவ்வளவு பெரிதாக வளராத கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் டிம் ரஸ்ஸர்ட் 2008 ஏப்ரல் இறுதியில் இந்தச் சோதனையை நன்றாகவே செய்து முடித்தார். ஜூன் 13 அன்று அலுவலகத்தில் சரிந்து இறந்தார். இதயக் குழாயில் படிவு வெடித்திருந்தது. அவருடைய மருத்துவர்கள் தவறு செய்தார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சோதனையின் எல்லை அதுதான். நன்றாக நடந்து முடித்தவருக்கு வரும் காலம் பெரும்பாலும் நல்லதாகவே அமையும், அதில் ஆறுதல் கொள்ளலாம். சிகரெட்டைத் தொடரவும் பிரஷர் மாத்திரையை விடவும் அது அனுமதி ஆகாது.

மளிகைக் கடைக்காரரிடம் பின்னொரு நாள் பழைய அறிக்கையை எடுத்துப்போய், அந்தச் சின்ன எழுத்து வரியைக் காட்டி, என்ன செய்யத் தவறினேன் என்று முழுதாகச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவர் மனைவிதான் கேட்டார், “அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த ராத்திரி இவரை இழுத்துட்டு வந்திருப்பேனே டாக்டர்?” ஆமாம் என்றேன். வேறு பதில் இல்லை.

அந்த அம்மாவின் கேள்வியை உங்கள் வீட்டில் யாரும் கேட்க நேரக் கூடாது. டி.எம்.டி. நேற்றுத்தான் எடுத்திருந்தாலும், அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும், எந்த மருத்துவர் என்ன சொல்லியிருந்தாலும், நெஞ்சில் பாரமும் வேர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவா இல்லையா என்பதை ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். விடியும்வரை காத்திருக்காதீர்கள்.